பூச்சிக்கொல்லி நஞ்சும் நீதிமன்றச் சான்றும்

பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் 2013 ஜூலை 16 அன்று மதிய உணவு உண்ட மாணவர்களில் 23 பேர் இறந்தனர். எண்ணெய்க் கலனிலும் தட்டுகளில் எஞ்சிய உணவிலும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருப்பதைப் பாட்னா தடய அறிவியல் ஆய்வகம் சில நாள்களிலேயே கண்டறிந்தது. உணவும் கலனும் கையில் இருந்ததால் இவ்வளவு விரைவாக விடை கிடைத்தது. பெரும்பாலான நஞ்சு வழக்குகளில் ஆய்வாளருக்குக் கிடைப்பவை, உப்புக் கரைசலில் ஊறிய சில உறுப்புத் துண்டுகள் மட்டுமே.

மோனோகுரோட்டோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. நரம்பு முனைகளில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை, அதன் வேலை முடிந்ததும் சிதைக்கின்ற நொதியை இவ்வகை நஞ்சுகள் முடக்கிவிடுகின்றன. கண்மணி ஊசிமுனையளவு சுருங்குவது, எச்சில் வழிவது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைபடுவது எல்லாம் இதன் விளைவுகளே. இரத்தத்தில் அந்த நொதியின் செயல்பாடு குறைந்திருப்பது நஞ்சின் குடும்பத்தைச் சுட்டும். எந்தப் பூச்சிமருந்து என்று சொல்லாது. கல்லீரல் நோயாளிகளிடம் இரத்த நீர்மத்திலுள்ள இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு நொதி இயல்பாகவே குறைந்திருக்கும் என்பதால், குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் முதலில் கைவைக்கும் இடமும் இதுதான். கார்பமேட் என்ற மற்றொரு வகைப் பூச்சிமருந்துகளிலோ முடங்கிய நொதி சிறிது நேரத்தில் தானே மீண்டுவிடுவதால், சோதனை இயல்பான அளவைக் காட்டிவிடவும் கூடும்.

ஆகவே நஞ்சையே பிரித்தெடுத்துக் காட்ட வேண்டியுள்ளது. உடற்கூறாய்வின்போது இரைப்பையையும் அதன் உள்ளடக்கத்தையும், சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளையும் தனித்தனிப் புட்டிகளில் இட்டு, தெவிட்டிய உப்புக் கரைசல் ஊற்றி, அரக்கு முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். கரைசலிலேயே நஞ்சு கலந்திருந்தது என்று பின்னர் யாரும் வாதிடாதபடி, அக்கரைசலின் மாதிரியும் தனியே அனுப்பப்படுகிறது. ஆய்வகத்தில் திசுவை அரைத்து, ஹெக்சேன் போன்ற கரைப்பான்களால் நஞ்சைப் பிரித்து, கொழுப்பை நீக்கித் தூய்மைப்படுத்துகிறார்கள். கலவையிலுள்ள பொருள்களை மெல்லிய பூச்சுள்ள தகட்டில் தனித்தனியே பிரித்துக் காட்டும் மெல்லடுக்கு நிறப்பிரிகை முதற்கட்டச் சோதனை. உறுதி செய்வதற்கு வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவி தேவைப்படுகிறது. அது மூலக்கூறைச் சிதறடித்து, சிதறல்களின் எடை வரிசையை அறியப்பட்ட மருந்தின் வரிசையோடு ஒப்பிடுகிறது. ஆவியாகாத பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு நீர்ம நிறப்பிரிகை வேண்டும்.

நஞ்சு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதும் முக்கியம். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அது காணப்பட்டால், உயிரோடு இருந்தபோது உடலில் ஊறிப் பரவியது என்று கொள்ள இடமுண்டு; இரைப்பையில் மட்டுமே இருந்தால், இறப்பு மிக விரைவாக நேர்ந்ததா அல்லது இறந்தபின் வாயில் ஊற்றப்பட்டதா என்ற கேள்வி எழும். மறுபுறம், எதுவும் கிடைக்கவில்லை என்ற அறிக்கை நஞ்சே இல்லை என்பதற்குச் சான்றாகாது. வாந்தி, இரைப்பைக் கழுவல், நாள்கணக்கான சிகிச்சை ஆகியவை நஞ்சை வெளியேற்றிவிடுகின்றன; கல்லீரல் அதை வேறு பொருளாக மாற்றிவிடுகிறது; குளிர்பதனம் இல்லாத அறையில் மாதக்கணக்கில் புட்டி காத்திருந்தால் எஞ்சியதும் சிதைகிறது. இந்தக் காத்திருப்புதான் நம் நாட்டு வழக்குகளின் பெரிய பலவீனம் என்பது என் கருத்து. அதை எந்த நவீனக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாது.

அரசு ஆய்வக வல்லுநரின் அறிக்கையை, அவரை நேரில் அழைக்காமலேயே சான்றாக ஏற்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அறிக்கை மட்டும் குற்றத்தை நிறுவிவிடாது. சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் நான்கு நிபந்தனைகளைக் குறிப்பிட்டது: கொலைக்கான நோக்கம், நஞ்சால்தான் இறந்தார் என்பது, குற்றம் சாட்டப்பட்டவரிடம் அந்த நஞ்சு இருந்தது, கொடுப்பதற்கு வாய்ப்பு இருந்தது. இவற்றில் இரண்டாவதற்கே வேதியியல் நேரடியாக விடை சொல்லும். கைப்பற்றப்பட்ட புட்டியில் இருப்பது அதே மருந்துதானா என்ற அளவில் மூன்றாவதற்கும் துணை நிற்கும்.

மீதியை வேறு சான்றுகள்தான் நிரப்ப வேண்டும். தமிழ்நாடு, கேரள எல்லையில் 2022இல் கஷாயத்தில் பாராகுவாட் கலந்து கொடுக்கப்பட்ட இளைஞர் பதினொரு நாள் கழித்து இறந்த வழக்கில், அந்த மருந்தின் விளைவுகளை இணையத்தில் தேடிய பதிவு முக்கியச் சான்றுகளுள் ஒன்றாக இருந்தது. 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை நீதிமன்றம் குற்றவாளிக்கு மரண தண்டனை விதித்தது. சரண் மாவட்ட வழக்கிலோ 2016இல் தலைமை ஆசிரியைக்குக் கொலையாகாத மரணம் விளைவித்தமைக்காகப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை வழங்கிய விசாரணை நீதிமன்றம், உடன் குற்றம் சாட்டப்பட்டிருந்த அவருடைய கணவரை விடுவித்தது. இருவர் விஷயத்திலும் நீதிமன்றத்தின் முன் இருந்தது ஒரே ஆய்வக அறிக்கைதான்.