பிள்ளையோடு காட்டு ஓட்டம்: புலிக்குப் பயப்படுகிற நாம் குளிரை மறந்துவிடுகிறோம்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓரியன்டியரிங் ஓடப் போகிற பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது புலியைப் பற்றி, அதாவது சிறுத்தையைப் பற்றி. அடுத்தது பாம்பு, அப்புறம் அட்டை. குளிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இலங்கை மலையகத்தில் பண்டாரவளை, தியத்தலாவ, நுவரெலியா பக்கம் காட்டில் ஓடிவிட்டு வருகிற சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டராக எனக்கு அதிகம் கவலை தருவது ஈர உடுப்பும் காற்றும்தான்.

ஓரியன்டியரிங் தெரியாதவர்களுக்கு: கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் அங்கங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னக் கொடி தொங்கும், அதுதான் கொன்ட்ரோல். அவற்றை வரிசையாகத் தேடிப் பிடித்துப் பஞ்ச் பண்ணிக்கொண்டு திரும்ப வேண்டும். எந்த வழியால் போவது என்பது உங்கள் விருப்பம். சுவீடன், நோர்வே பக்கம் வளர்ந்த விளையாட்டு. அங்கே மிகச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுக்குள் நூல் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போகிற மாதிரி ஒரு தனிப் பாதை போடுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை பெரியவர் ஒருவரோடு சேர்ந்து ஓடலாம். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் அந்தப் பெரியவருக்கும் ஜெயிக்க ஆசை.

அப்பா முன்னால் ஓடுவார், பிள்ளை பின்னால் இழுபடும். ஏற்றத்தில் இரண்டு பேருக்கும் நன்றாக வேர்க்கும். பிறகு ஒரு கொன்ட்ரோல் கிடைக்காமல் அப்பா நின்று வரைபடத்தைப் புரட்டுவார், பத்து நிமிடம், கால் மணித்தியாலம். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை வேர்வையில் நனைந்த ரீ-சேர்ட்டோடு காற்றில் நிற்கும். எடையோடு பார்க்கும்போது சின்ன உடம்புக்குத் தோல்பரப்பு அதிகம், அதனால் பெரியவரை விட வேகமாகச் சூடு போகும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கொழும்பில் வேர்த்துக் கொட்டுகிற அதே மத்தியானம் இங்கே ஒரு மழையும் காற்றும் சேர்ந்தால் போதும்.

அப்படி வந்த ஒரு பையன். ஜம்பரின் சிப்பைப் போட முயல்கிறான், விரல் அதைத் தடவுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. பேர் கேட்டால் வாய்க்குள்ளே ஏதோ முனகுகிறான். கூட வந்த தகப்பன், "கோவத்துல இருக்கான் டொக்டர், கடைசி கொன்ட்ரோலை விட்டுட்டு வந்துட்டோம்னு" என்கிறார். அது கோபமில்லை, குளிர். காரணமில்லாத சிணுங்கல், சும்மா இடறுவது, பேச்சுக் குழறுவது, கையிலிருப்பது நழுவுவது, இவைதான் உடல் வெப்பம் இறங்குகிறதற்கான முதல் அடையாளங்கள். பெருவிரலால் சின்ன விரலைத் தொடச் சொல்லிப் பாருங்கள். தொட முடியாவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, கொன்ட்ரோல் இருபது அடி தூரத்தில் தெரிந்தாலும் சரி.

உடனே காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய் ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தலையை மூடி, உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நல்ல நினைவோடு விழுங்க முடிந்தால் சீனி கூடப் போட்ட இளஞ்சூட்டுப் பிளேன்டீ கொடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். நம் ஊர்ப் பழக்கமாகப் பிராந்தி தடவுகிற வேலையும் வேண்டாம். பிள்ளை இன்னும் சில்லென்று இருக்கும்போதே நடுக்கம் நின்று தூக்கம் சொக்கினால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு இல்லை. காய்ந்த சுவெட்டர் ஒன்றும் தொப்பியும் ஷொப்பிங் பேக்கில் கட்டி உங்கள் பையில் இருக்கட்டும். பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் மழைக்கோட்டு ரெடி. பசி வருவதற்கு முன்னாலேயே சொக்லேட்டோ கச்சானோ கொடுங்கள். முக்கியமாக, வரைபடத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் ஓடுங்கள். பின்னால் இருந்தால்தான் பிள்ளை இடறுவது கண்ணில் படும், வேகமும் தானாகவே பிள்ளையின் வேகமாகிவிடும். செங்குத்தான இறக்கத்தில் மட்டும் நீங்கள் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். வழி தெரியாமல் நின்றுவிட்டால் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் சுவெட்டரை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

வழி தேர்வதிலும் பெரியவர் அவசரப்படுவார். ஓரியன்டியரிங் வரைபடத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, பச்சை கூடக் கூட அடர்த்தி. நம் பைன் காடுகள் அடியில் செடி குறைவு என்பதால் வெள்ளையாகத்தான் வரும், ஆனால் சரிவில் கிடக்கிற பைன் சருகு காலை வாரிவிடும். கைவிட்ட தேயிலை மலை இன்னும் மோசம், மானாப் புல்லுக்கு அடியில் பழைய கான் (தண்ணீர் வடிகிற குழி) இருப்பது கால் உள்ளே போன பிறகுதான் தெரியும். கணுக்கால் பிசகி வருகிறவர்களில் பலருடைய கதை அதுதான். பன்றிக்குக் கட்டின சுருக்குக் கம்பியும் இருக்கலாம். பிள்ளையோடு போகும்போது ரோட்டையோ ஓடையையோ ஒட்டிய சுற்றுவழியே நல்லது.

குளவிதான் என்னுடைய இரண்டாவது பயம். போட்டி நடத்துகிறவர்களே, கொன்ட்ரோல் கட்டுவதற்கு முன் அந்தத் தோட்டத்துக் கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும், கொட்டு வாங்கியே தெரிந்துகொண்டவர்கள். கூடு கலைந்தால் பிள்ளையின் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நின்று விரட்டக் கூடாது. அதே எண்ணிக்கைக் கொட்டு சின்ன உடம்பில் பெரிய அளவு விஷம். மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, வாந்தி மயக்கம் வந்தாலோ தாமதமே கூடாது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எல்லாம் விட்டுவிட்டுக் காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. சிங்களத்தில் குணகட்டுவா என்கிற சின்ன விரியனுக்கு இங்கே பாவிக்கிற விஷமுறிவு மருந்து வேலை செய்யாது, சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், ஆகவே வீக்கம் கொஞ்சம்தானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அட்டையை நகத்தால் வழித்துவிட்டாலே போதும், நெருப்பு வைக்க வேண்டாம்.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழமை, காலையிலேயே ஓடி முடியுங்கள். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் 30 செக்கனுக்குக் குறைவென்றால் பத்தனை என்கிற திறந்த மலைப் புல்வெளியை விட்டு இறங்கிவிடுங்கள். பிள்ளையின் கழுத்தில் ஒரு விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இடையில் விட்டுவிட்டு வந்தாலும் முடிவிடத்தில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் உங்களைத் தேடிக் காட்டுக்குள் ஆட்கள் போவார்கள்.

அன்றிரவு குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா, கடித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், அதுவும் கறுத்த பொருக்கு மாதிரி ஒரு சின்னப் புண்ணோடு வந்தால், பூச்சிக் கடியால் வருகிற உண்ணிக் காய்ச்சல் வகையாக இருக்கலாம். சரியான அன்டிபயோட்டிக் கொடுத்தால் சீக்கிரம் அடங்கும். ஆனால் பிள்ளை காட்டுக்குப் போனதை நீங்கள் சொன்னால்தான் டொக்டருக்கு அந்த யோசனையே வரும்; டெங்குப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போதே அதையும் சொல்லிவிடுங்கள்.