ஆந்த்ரோபோமெட்ரி: உடலளவியல்

குழந்தை மருத்துவத்திலும் ஊட்டச்சத்து ஆய்வுகளிலும் ‘ஆந்த்ரோபோமெட்ரி’ என்ற சொல் அடிக்கடி வரும். எடை, நீளம், தலைச் சுற்றளவு, மேற்கைச் சுற்றளவு என்று மனித உடலை முறைப்படி அளப்பதுதான் அது. கிரேக்கத்தில் ‘ஆந்த்ரோபோஸ்’ என்றால் மனிதர், ‘மெட்ரான்’ என்றால் அளவு.

வேர் பழையது, சொல் புழக்கத்துக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில். யோகான் சிகிஸ்முண்ட் எல்சோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1654இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்துக்கு அளித்த ஆய்வின் தலைப்பு ‘ஆந்த்ரோபோமெட்ரியா’. அளப்பதற்கென்றே ஒரு கோலும் செய்துகொண்டார். அவர் தேடியது உடல் உறுப்புகளின் விகிதத்தை. வளர்ச்சியை அளக்கும் எண்ணம் பிறகுதான் இந்தச் சொல்லோடு சேர்ந்தது.

அதற்கு முதலில் கைக்குழந்தையைத் தராசில் வைக்க வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையின் எடையைப் பேர்பெற்ற மருத்துவர்கள்கூட உண்மைக்கு மிக அதிகமாக எழுதிவந்த காலம் அது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த யோகான் கியோர்க் ரோடரர், பச்சிளங்குழந்தைகளை உண்மையாகவே நிறுத்து, நீளமும் அளந்து 1753இல் வெளியிட்டார். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் மூன்று கிலோவை ஒட்டிய எடை அப்போதுதான் ஏட்டில் ஏறியது. அளந்தால் தெரிந்துவிடும் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

ஆனால் ஒருமுறை அளந்தால் கிடைப்பது அளவு மட்டும்தான். வளர்ச்சி தெரிய, அதே குழந்தையைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்தவர் பிரான்சைச் சேர்ந்த கெனோ தெ மோன்பெய்யார். 1759இல் பிறந்த தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 18 வயது வரை அளந்தார். அந்தப் பட்டியலை அவருடைய நண்பர் புஃபோன் 1777இல் தன் இயற்கை வரலாற்று நூலின் துணைத் தொகுதியில் அச்சிட்டார். பழைய பிரெஞ்சு அளவுகளில் இருந்ததை 1927இல் ஸ்காமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சென்டிமீட்டருக்கு மாற்றினார். பிறந்தவுடன் வேகமாக வளர்ந்து, போகப்போகத் தணிந்து, பதின்பருவத்தில் மறுபடி எகிறும் அந்த வளர்ச்சி வரைகோடு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஒரு தகப்பனின் அக்கறை அறிவியலுக்குத் தந்த கொடை என்றே இதை நான் மதிக்கிறேன்.

அப்புறம் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெத்தலே வந்தார். 1830களில் பல வயதினரின் அளவுகளைத் திரட்டிச் சராசரி கண்டார். எடையை உயரத்தோடு ஒப்பிடும், இன்று பிஎம்ஐ என்று சொல்லும் உடல் நிறை எண்ணுக்கு அடிப்படை அவருடைய கணக்கே. ‘ஆந்த்ரோபோமெட்ரி’ என்ற பெயரிலேயே 1871இல் ஒரு நூலும் எழுதினார். அதே சொல்லைப் பிற்காலத்தில் பாரிஸ் போலீசின் பெர்த்தியோன் குற்றவாளிகளை அடையாளம் காணவும், வேறு சிலர் இனங்களைத் தரம் பிரிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். இனத் தரப்பிரிப்பு அந்தச் சொல்லின் மேல் படிந்த கறை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘மானுட அளவையியல்’ என்று சிலர் எழுதுவதுண்டு. ‘அளவையியல்’ நம்மிடம் ஏற்கெனவே தருக்கத்தைக் குறிக்கும் சொல் என்பதால் குழப்பம் வரும். ‘மனித உடலளவியல்’ பொருத்தமானது. இடம் தெளிவாக இருந்தால் ‘உடலளவியல்’ போதும். அளவுகளையே குறிக்கும்போது ‘உடலளவுகள்’ என்று எளிமையாக எழுதலாம்.

கூடவே இன்னொன்று: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளப்பதால் அது ‘நீளம்’, அதன்பின் நிற்கவைத்து அளப்பது ‘உயரம்’. ஒரே குழந்தைக்கு இரண்டும் சமமாக வராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி அட்டவணைகளின்படி, நீளம் உயரத்தைவிட 0.7 சென்டிமீட்டர் கூடுதல். ஆகவே அறிக்கைகளில் இரண்டையும் ‘உயரம்’ என்றே எழுதுவது பிழை.