ஏரியோல்: முட்குழி அல்ல, மொட்டுத்திட்டு

கள்ளி (காக்டஸ்) வளர்ப்பு பற்றிய தமிழ்க் காணொளிகளில், அதன் உடம்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் ஏரியோல் (areole) என்ற உறுப்பை ‘முட்குழி’ என்றே சொல்லி வருகிறார்கள். முள் முளைக்கும் குழி என்று எண்ணி ஆக்கிய சொல்லாக இருக்கும். இதில் முள்ளும் தவறு, குழியும் தவறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘நம்ம ஏரியா’ என்கிறோமே, அந்த ஏரியா லத்தீனில் வெட்டவெளியையும் கதிரடிக்கும் களத்தையும் குறித்தது. அதன் சிறுமை வடிவம் ஏரியோலா: சின்ன வெளி, தோட்டப் பாத்தி. கள்ளியின் உடம்பில் மென்மயிர் அடர்ந்து தெரியும் சிறு திட்டுக்குத் தாவரவியலார் அந்தப் பெயரை வைத்தார்கள்.

இப்போது முட்குழிக்கு வருவோம். அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ் என்றொரு அரிய கள்ளி இருக்கிறது. நட்சத்திரக் கள்ளி என்று சொல்லலாம். மெக்சிகோவின் தமௌலிபாஸ், நுவெவோ லியோன் மாநிலங்களிலும் அமெரிக்காவில் டெக்சஸின் தென்கோடியிலும் உள்ள வறண்ட புதர்நிலங்களில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. 1845-இல் ஜெர்மன் தாவரவியலார் சுக்கரினி இதை முதன்முதலில் விவரித்தார். அழிவின் விளிம்பில் இருப்பதாக 1993-இல் அமெரிக்க அரசு பட்டியலிட்டது. தரையோடு தரையாக, தட்டையாக இருக்கும். பெரிய செடியே 15 செ.மீ. அகலம்தான். கடும் வறட்சியில் இன்னும் சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலும் எட்டு விலாக்கள், அதாவது நடுவிலிருந்து விளிம்புவரை ஓடும் மேடுகள். ஒவ்வொரு விலாவின் நடுவிலும் வரிசையாக வெண்மயிர்த் திட்டுகள். அவைதான் ஏரியோல்கள். ஆனால் வளர்ந்த செடியில் முள் ஒன்றுகூடக் கிடையாது!

முள்ளே இல்லாத செடியைக் காட்டி ‘இதன் முட்குழிகளைப் பாருங்கள்’ என்றால் கேட்பவர் என்ன புரிந்துகொள்வார்? அந்தத் திட்டிலிருந்து இந்தச் செடியில் வருவது பூ. மஞ்சள் இதழும் செம்மஞ்சள் அடியுமாக, செடியையே மறைக்கும் அளவுக்குப் பெரிய பூ. போதைக்காகத் தேடப்படும் பெயோட்டே கள்ளியும் முள்ளற்றதுதான், அதிலும் ஏரியோல்கள் உண்டு. இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால், பெயோட்டே என்று எண்ணி நட்சத்திரக் கள்ளியைப் பறித்துவிடுவதும் நடக்கிறது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியே போதும். அதன் மடலில் புள்ளி புள்ளியாக இருப்பவை ஏரியோல்கள். முள் அங்கிருந்து வருகிறது, சரி. பூவும் புது மடலும்கூட அங்கிருந்துதானே வருகின்றன? ஏரியோல் என்பது குறுகி ஒடுங்கிய ஒரு பக்கக் கிளை, அதாவது மொட்டு. முள்ளோ உருமாறிய இலை. மொட்டுக்கு முள்ளின் பெயரைச் சூட்டினால் உறுப்பின் வேலையே மறைந்துபோகிறது.

இன்னொரு கேடும் உண்டு. கள்ளி என்று நாம் தொன்றுதொட்டுச் சொல்லிவருவது சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற பால் வடியும் செடிகளை. அவை வேறு குடும்பம். சதுரக்கள்ளிக்கும் முள் உண்டு, ஏரியோல் கிடையாது. சப்பாத்திக்கள்ளி, நட்சத்திரக் கள்ளி போன்ற அமெரிக்கக் கள்ளிகளை (காக்டஸ்) அவற்றிலிருந்து பிரித்தறிய உதவும் முதல் அடையாளமே ஏரியோல்தான். முட்குழி என்ற சொல் சதுரக்கள்ளிக்கும் பொருந்துவதுபோல் ஒலித்து அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. குழி என்பதும் பொருந்தாது. பெரும்பாலான கள்ளிகளில் அது சற்றுப் புடைத்தே இருக்கிறது.

மூலத்தை ஒட்டிச் ‘சிறுபாத்தி’ என்று சொல்லலாமா? அழகான சொல்தான். ஆனால் ‘கள்ளியின் பாத்தி’ என்றதும் எவருக்கும் மண்ணில் வெட்டிய பாத்திதான் நினைவுக்கு வரும். ஆகவே என் தேர்வு ‘மொட்டுத்திட்டு’. முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். பூ ஏன் அங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடும்.

மொழிபெயர்ப்போர் செடியைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல் ஆக்குவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சப்பாத்திக்கள்ளியின் மொட்டுத்திட்டில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்முட்கள் கொத்தாக இருக்கும், தொட்டால் விரலில் ஏறி நாள்கணக்கில் அரிக்கும். அதற்கு ‘குளோக்கிட்’ என்றே எழுதுகிறார்கள், இல்லையென்றால் ‘குட்டி முள்’ என்கிறார்கள். தோலில் பட்டால் அரிக்கும் நுண்மயிரைக் குறிக்கும் சுணை என்ற சொல் நம் வயற்காட்டில் இன்னும் புழங்குகிறது. அதை எடுத்துப் போட ஏன் இத்தனை தயக்கம்?