குவாண்டம் என்பது குவையம் அன்று

ஐக்கிய நாடுகள் அவை 2025-ஆம் ஆண்டைக் குவாண்டம் அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்து நூலகக் கூட்டங்களில் 'குவையம்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. குவைய இயக்கவியல், குவையக் கணினி, குவைய உலகம் என்று மேடையில் அடுக்குகிறார்கள். அமர்ந்திருப்பவரிடம் பொருள் கேட்டால், 'குவாண்டத்துக்குத் தமிழ்' என்கிறார். அதற்கு மேல் அச்சொல் அவருக்கு எதையும் உணர்த்தவில்லை. உணர்த்துகிற இடத்திலோ தவறாக உணர்த்துகிறது.

சொல்லின் மூலம் எளிது. இலத்தீனில் 'குவாண்டுஸ்' என்றால் 'எவ்வளவு'. 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், சூடான பொருள் உமிழும் கதிர்வீச்சை விளக்கும் பொருட்டு, ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுள்ள பங்குகளாக எண்ணினார். 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளியே அத்தகைய பங்குகளாக வருகிறது என்றார். ஒவ்வொரு பங்கின் ஆற்றலும் ஒளியின் அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். அந்தப் பங்குதான் குவாண்டம்.

இனிக் குவைக்கு வருவோம். குவை என்றால் குவியல். பொற்குவை, நெற்குவை என்பவை பழகிய சொற்கள். குவையிலிருந்து ஒரு பிடி அள்ளினாலும் மிஞ்சுவது குவை, ஒரு பிடி கொட்டினாலும் அது குவை. இவ்வளவுதான் என்ற வரையறை அதற்குக் கிடையாது. நியூட்டனும் மாக்ஸ்வெல்லும் வகுத்த அன்றாட இயற்பியலில் ஆற்றல் இப்படித்தான் இருக்கிறது: ஆடும் ஊஞ்சலுக்கு எவ்வளவு சிறிய ஆற்றலையும் கூட்டலாம், குறைக்கலாம், இடையில் தடை எதுவும் இல்லை. ஆகவே குவையம் என்ற பெயர் எதற்காவது பொருந்துமென்றால், பிளாங்க் கைவிட நேர்ந்த அந்தப் பழைய கருத்துக்குத்தான் பொருந்தும். புதிய கருத்துக்கு அது நேர் எதிர்.

ஹைட்ரஜன் அணுவைப் பாருங்கள். அதன் அடிநிலை, அதாவது மிகத் தாழ்ந்த நிலை, கொண்ட ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அடுத்த நிலை மைனஸ் 3.4, இடைவெளி 10.2. அடிநிலையிலுள்ள அணுவின் மீது 10 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒளி விழுந்தால், 'ஏறக்குறையப் போதும்' என்று அது வாங்கிக்கொள்வதில்லை, ஒளியைப் போகவிடுகிறது. 10.2 வந்தால் முழுதாக விழுங்கி மேல்நிலைக்குச் செல்கிறது. அதற்கும் இதற்கும் நடுவே அணுவுக்கு நிற்க இடமில்லை. இந்தக் கறார்க் கணக்கைக் குவியல் என்ற சொல் எப்படித் தாங்கும்?

'குவாண்டத்துக்கும் குவையத்துக்கும் ஒலி நெருங்கி வருகிறதே' என்பது ஆதரிப்போர் சொல்லும் காரணம். நெருங்கி வருவது ஒலி மட்டுமே. 'எவ்வளவு' என்று கேட்கும் இலத்தீன் சொல்லுக்கும் குவிதல் என்ற தமிழ் வேருக்கும் பொருளில் உறவில்லை. போதாக்குறைக்கு, இயற்பியல் பாடநூல்களில் குவியம், குவியத் தொலைவு, குவிலென்ஸ் என்று ஒளியியல் சொற்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. எங்கள் மாலை வகுப்பில் 'குவைய எண்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குவிய எண்' என்று எழுதிய மாணவரை நான் திருத்தினேன். ஆனால் குற்றம் அவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. அயற்சொல்லைக் கண்டதும் அதன் ஓசைக்குத் தமிழில் ஓர் உறவினரைத் தேடிப் பிடிப்பது மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. தனித்தமிழ் வேண்டும் என்பதில் நானும் அவர்கள் பக்கமே. ஆயினும் பொருளைத் தொலைத்துவிட்டு ஓசையை மட்டும் காப்பாற்றுவது தனித்தமிழ் ஆகாது. இந்தக் குழப்பத்தின் மீதுதான் 'குவையப் பாய்ச்சல்' என்று, மாபெரும் வளர்ச்சி என்ற பொருளில், அரசியல் மேடைகளும் முழங்குகின்றன. அணுவில் நிகழும் அந்தத் தாவல் மிக மிகச் சிறியது. இடைநிலை இல்லை என்பதே அதன் சிறப்பு, பருமன் அன்று.

ஈழத்துப் பாடநூல்கள் குவாண்டத்தைச் 'சத்திச்சொட்டு' என்கின்றன (சத்தி என்பது ஆற்றல்). குவையத்தை விட இது எவ்வளவோ மேல்: சிறியது, தனித்தது என்ற எண்ணமாவது வருகிறது. ஆனால் சொட்டை இரண்டாக்கலாம் என்பதால் முழு நிறைவு இல்லை.

எனக்குப் பிடித்த சொல் 'சிப்பம்', அதாவது கட்டிய மூட்டை. ஆற்றல் சிப்பம் என்று எழுதியவர்கள் முன்பே உண்டு, நான் படைத்ததன்று. செங்குன்றம் ஆலைகளிலிருந்து வடசென்னைக் கடைகளுக்கு அரிசி வந்து இறங்கும்போது 'நாற்பது சிப்பம்' என்று எண்ணித்தான் இறக்குகிறார்கள். முப்பத்தொன்பதரை என்ற பேச்சு எழுவதில்லை. சரக்குக்கேற்பச் சிப்பத்தின் எடை மாறுவது போல, அதிர்வெண்ணுக்கேற்ப ஒளிச் சிப்பத்தின் ஆற்றலும் மாறும்: சிவப்புக்கு ஏறத்தாழ 1.8 எலக்ட்ரான் வோல்ட், ஊதாவுக்கு 3.1. 'கடைக்காரர் சிப்பத்தைப் பிரித்துச் சில்லறையாக விற்கிறாரே' என்று நண்பர் ஒருவர் மறுத்தார். பிரித்த பிறகு அதை யாரும் சிப்பம் என்று சொல்வதில்லை என்பதே என் பதில். ஒரு வாட் பச்சை ஒளியில் நொடிக்குச் சுமார் 27 இலட்சம் இலட்சம் கோடிச் சிப்பங்கள் வருவதால்தான், தெருவிளக்கின் ஒளி நம் கண்ணுக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது.

துறையின் பெயரை மட்டும் 'சிப்ப இயக்கவியல்' என்று மாற்ற வேண்டாம். 1924-இல் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் சூட்டிய 'குவாண்டம் இயக்கவியல்' என்ற பெயர், சிப்பங்களோடு நில்லாமல், பல நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதையும், ஒரு துகளின் இடமும் உந்தமும் (நிறையைத் திசைவேகத்தால் பெருக்கியது) ஒருசேரக் கூர்மையாக அமையா என்று 1927-இல் ஹெய்சன்பர்க் காட்டியதையும் தழுவி நிற்கிறது. எதிலும் கட்டுண்டிராத எலக்ட்ரானின் ஆற்றலோ சிப்பமாக அமைவதே இல்லை. 'குவாண்டம் எண்' என்பதும் அப்படியே இருக்கட்டும், அது அணுநிலைக்கு இடும் அடையாளமே தவிர, ஆற்றலின் பங்கைக் குறிப்பதன்று.