ஹார்மோன் சிகிச்சையும் கவுன்சிலிங்கும்: திருநங்கை, திருநம்பி இளையோருக்குச் சட்டம் தருவது என்ன?

பல திருநங்கைகளின் கைக்கு ஹார்மோன் முதலில் வந்து சேர்வது மருந்துக்கடையிலிருந்துதான். யாரோ சொன்னார்கள் என்று கருத்தடை மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்குவது இன்றும் நடக்கிறது. அதிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாயில் ரத்தத்தை உறைய வைக்கலாம். சிகரெட்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். திருநம்பிகள் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ சிவப்பணுக்களை அளவுக்கு மேல் ஏற்றிவிடக்கூடும். டாக்டர்கள் அடிக்கடி ரத்தப் பரிசோதனை கேட்பது இதனால்தான்.

இந்தச் சிகிச்சைக்கு வழி செய்வது அரசின் பொறுப்பு. 2020 ஜனவரி 10 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 15-ஆவது பிரிவில் ஹார்மோன் சிகிச்சை, பாலின மாற்று அறுவை சிகிச்சை, இவற்றுக்கு முன்னும் பின்னும் கவுன்சிலிங், காப்பீடு ஆகியவற்றைச் சொல்கிறது.

கவுன்சிலிங் என்றதும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கோபம் நியாயமானதே. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பாலின முரண்பாடு (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினமும் மனம் உணரும் பாலினமும் ஒத்துப்போகாதது) மனநோய்ப் பிரிவில் இல்லை. மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது வேறு: தூக்கம் போயிற்றா, தற்கொலை எண்ணம் வருகிறதா, டெஸ்டோஸ்டிரோனால் கட்டையான குரல் பழையபடி திரும்பாது என்பதும், பிள்ளை பெறும் வாய்ப்பு குறையலாம் என்பதும் புரிந்திருக்கிறதா?

திருநங்கையாக உணரும் பிள்ளையின் மனதை மாற்றி, "பையனாகவே ஆக்கித் தருகிறேன்" என்று ஒரு டாக்டர் சொன்னால் அது தவறு. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய 'மாற்றும் சிகிச்சை'யைத் தடை செய்யச் சொன்னார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம். பூசாரியும் மந்திரவாதியும் அந்த ஆணையத்தின் கைக்கு எட்டாதவர்கள் என்பது வேறு விஷயம்.

ஹார்மோன் எடுத்தால் மனச்சோர்வு தீருமா? அமெரிக்காவில் ஹார்மோன் எடுத்த, 12 முதல் 20 வயது வரையிலான 315 பேரை இரண்டு ஆண்டு கவனித்து, 2023-இல் வெளியான ஆய்வில், சராசரியாக மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. ஆனால் அதே ஆய்வில் இருந்த இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2024-இல் இங்கிலாந்தில் சிறாருக்கான பாலினச் சிகிச்சையை மறுஆய்வு செய்த காஸ் அறிக்கை, சிறார் விஷயத்தில் சான்றுகள் பலவீனமானவை என்றது. என் கருத்தில், மாத்திரை மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வீடும் பள்ளியும் படுத்தும் பாட்டுக்கு ஹார்மோனில் மருந்தில்லை.

18 வயது ஆகாதவர் என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அடையாளச் சான்றிதழுக்கும் அவர்கள்தான் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதே சமயம், திருநர் என்பதற்காக ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது. நீதிமன்றம் உத்தரவிட்டால் மட்டுமே முடியும் என்கிறது 2019 சட்டத்தின் 12-ஆவது பிரிவு. பெரியவர் ஆனபின் வீட்டைவிட்டுத் தானாக வந்தவரைப் பெற்றோர் காணவில்லை என்று புகார் தந்தால், போலீஸ் அவர் விருப்பத்தைக் கேட்டறிந்து புகாரை முடித்துவிட வேண்டும். இதுவும் சென்னை உயர் நீதிமன்றத்தின் அந்த 2021 உத்தரவில் இருக்கிறது.

மேலே சொன்ன அடையாளச் சான்றிதழ் கையில் இருந்தால், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திருநர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2022 ஆகஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தம் இது. ஹார்மோனும் இதில் அடக்கம். சான்றிதழ் வரும்வரை மனநல உதவிக்குக் காத்திருக்கத் தேவையில்லை: டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு இரவு பகல் எப்போதும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.