முழங்கால் வலிக்கு குளுக்கோசமைன்: மாத்திரை எதுவரை செல்கிறது?

தேய்ந்துபோன குருத்தெலும்பு எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளையே விழுங்கினால் தேய்மானம் சரியாகிவிடும் என்ற எண்ணம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெரும்பாலும் எடுக்கப்படும் குளுக்கோசமைனும், விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்து பெறப்படும் காண்ட்ராய்டின் சல்ஃபேட்டும் உலகெங்கும் விற்பனையாவது இந்த எண்ணத்தின் பலத்தில்தான்.

ஆனால் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் உள்ள திரவத்திலிருந்து மெல்லக் கசிந்து வருவதே அதற்கு உணவு. வாய்வழி உட்கொண்ட குளுக்கோசமைனில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறிவிட, எஞ்சியதே இரத்தத்தில் கலந்து மூட்டுத் திரவத்தை எட்டுகிறது. ஆய்வுக்கூடத்தில் குருத்தெலும்புச் செல்களின்மீது ஊற்றி நற்பலன் கண்ட செறிவோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். மேலும், குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. வலி எழுவது மூட்டின் உள்ளுறையிலும் அடியிலுள்ள எலும்பிலும் என்பதால், குருத்தெலும்பைச் சீராக்குவதும் வலியைத் தணிப்பதும் ஒன்றல்ல.

இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியில் 16 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன், 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்டின், இரண்டும் சேர்த்து, செலகாக்சிப் என்ற வலிநிவாரணி, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என ஏதேனும் ஒன்றை 24 வாரங்கள் உட்கொண்டனர். வலி ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்தவர்கள் குளுக்கோசமைன் குழுவில் 64 சதவீதம், இரண்டையும் சேர்த்து உண்டவர்களில் ஏறத்தாழ 67 சதவீதம், செலகாக்சிப் குழுவில் 70 சதவீதம். வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலோ 60 சதவீதம்! வெற்று மாத்திரையிலிருந்து திட்டவட்டமாக விலகி நின்றது செலகாக்சிப் மட்டுமே.

என் பார்வையில் இந்த ஆய்வின் மிகச் சுவையான எண் அந்த அறுபதுதான். மூட்டு வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் மனிதர்கள் மருந்தைத் தேடுகிறார்கள், ஆகவே அடுத்த சில வாரங்களில் அது தானாகவே தணிவதற்கு வாய்ப்பு அதிகம். குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் வலியுணர்வைக் குறைக்கக்கூடியது. "எனக்குப் பலித்தது" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வது பொய்யல்ல; எதனால் பலித்தது என்பதே கேள்வி.

அதே ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான வலி இருந்த சிறு பிரிவினரில் இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு நல்ல பலன் தெரிந்ததையும் சொல்லியாக வேண்டும். அதைவிட முன்னதாக, 2001இல், பெல்ஜியத்தில் 212 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்த ஆய்வு, குளுக்கோசமைன் சல்ஃபேட் மூட்டு இடைவெளி குறுகுவதை (குருத்தெலும்புத் தேய்மானத்தின் அடையாளம் அது) தடுப்பதாகக் கூறியது. தயாரிப்பாளரின் ஆதரவு பெற்ற ஆய்வு அது. பத்து ஆய்வுகளைத் தொகுத்த 2010ஆம் ஆண்டு அலசலில் பொருட்படுத்தத்தக்க பலன் தென்படவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், முழங்காலுக்கு இவ்விரண்டையும் உறுதியாகவே மறுக்கிறது. உடற்பயிற்சியையும், எடை மிகுந்தவர்களுக்கு எடைக் குறைப்பையும் அதே உறுதியுடன் பரிந்துரைக்கிறது.

மூட்டு வலிக்கு உட்கொள்ளப்படும் மஞ்சளின் கதை சற்று வேறு. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் 70 பேரிடம் 12 வாரங்கள் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மஞ்சள் சாறு வலியைக் குறைத்தது. ஆனால் ஸ்கேனில் மூட்டு நீர்க்கோவையோ குருத்தெலும்போ மாறவில்லை. குழம்பில் போடும் மஞ்சள்தூளில், மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே, அதுவும் எளிதில் உடலில் சேராது என்பதால் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். கல்லீரல் குர்குமினைக் கழிப்பதைத் தாமதப்படுத்தும் பைப்பரின், வேறு சில மருந்துகளையும் அவ்வாறே தேக்கிவிடக்கூடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோர், மஞ்சளானாலும் குளுக்கோசமைனானாலும், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.