லெப்டொப்பில் வைக்கக்கூடாத செக்ரோல்

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு செக்ரோல் என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அது தொழிலாளர்களின் வேலை நாட்களைக் குறிக்கும் பதிவேடு. யாருக்கு முழுப் பேர் (முழுநாள் கணக்கு), யாருக்கு அரைப் பேர் (அரைநாள் கணக்கு) என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்திருந்தாலும், செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பள நாளில் அந்த உழைப்பு கணக்கில் இல்லை.

டெராஃபோம் என்ற மென்பொருளுக்குள்ளும் இப்படி ஒரு செக்ரோல் உண்டு. அதற்கு ஸ்டேட் என்று பெயர்.

2014 இல் வெளிவந்த டெராஃபோமில், நமக்கு எத்தனை சர்வர் வேண்டும், எந்த டேட்டாபேஸ் வேண்டும் என்று கோடாக, அதாவது நிரல் வரிகளாக, எழுதி வைக்கிறோம். அது அவற்றைக் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், உருவாக்குகிறது. உருவாக்கியதும், ‘கோடில் இந்தப் பெயரில் இருப்பது கிளவுடில் இந்த இலக்கமுள்ள சர்வர்’ என்று ஸ்டேட்டில் குறித்துக்கொள்கிறது. அடுத்த முறை ஓட்டும்போது கோடு, ஸ்டேட், கிளவுடில் உண்மையாக இருப்பது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் சரிசெய்யும். ஸ்டேட் தொலைந்துவிட்டால்? மூன்று சர்வர்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் டெராஃபோமுக்கு ஒன்றுமே தெரியாது. புதிதாக இன்னும் மூன்றை உருவாக்கக் கிளம்பிவிடும்.

நாம் எதுவும் சொல்லாவிட்டால் இந்த ஸ்டேட் ஒரு ஃபைலாக லெப்டொப்பிலேயே கிடக்கும். நான் ஹட்டனில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் தம்பி பதுளையில். இருவரிடமும் ஆளுக்கொரு ஸ்டேட் இருந்தால், ஒரே மலைக்கு இரண்டு பேர் தனித்தனியாகச் செக்ரோல் எழுதிய கதைதான். கோடைப் பகிர்ந்துகொள்ளும் கிட் (Git) களஞ்சியத்தில் போட்டுப் பகிர்வதும் சரிவராது. டேட்டாபேஸ் கடவுச்சொல்கூட ஸ்டேட்டுக்குள் அப்படியே எழுதப்பட்டிருக்கலாம்.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு குபர்நெட்டிஸ் கிளஸ்டர், அதாவது பல கணினிகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் கூட்டம், இருந்தது. 2020 இல் வந்த 0.13 பதிப்பிலிருந்து டெராஃபோம் தன் ஸ்டேட்டை அதற்குள்ளேயே வைக்கும். கோடில் பேக்எண்ட் (ஸ்டேட்டை வைக்கும் இடம்) குபர்நெட்டிஸ் என்று சொல்லி, ஒரு பின்னொட்டுப் பெயரும் கொடுத்தால் போதும். ஸ்டேட்டை ஜிசிப் முறையில் சுருக்கி, கிளஸ்டரில் சீக்ரெட்டாக, அதாவது இரகசியத் தகவல்களுக்கான பொருளாக, சேமிக்கும். கிளஸ்டரின் ஞாபகமெல்லாம் எட்சிடி என்ற தரவுக்கிடங்கில் இருக்கிறது. அது மூன்று இயந்திரங்களில் ஓடினால், குறைந்தது இரண்டில் பதிந்த பிறகுதான் ஒரு தகவல் ஏற்கப்படும். ஒன்று விழுந்தாலும் கணக்கு அழியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பூட்டுதான். வேலையைத் தொடங்குமுன் டெராஃபோம், லீஸ் என்ற சிறு பொருளில் தன் பூட்டு இலக்கத்தை எழுதும். யார், எந்தக் கணினியிலிருந்து, எப்போது பூட்டினார் என்பதும் அதில் சேரும். இருவர் ஒரே கணத்தில் பூட்ட வந்தால்? கிளஸ்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. மாற்றம் நடக்கும்போதெல்லாம் அது மாறும். பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வருபவரை 409 (முரண்பாடு என்ற பிழை எண்) என்று சொல்லிக் கிளஸ்டர் திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஒருவர்தான் உள்ளே போக முடியும்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், பாதி வேலையில் கரண்ட் போனது. லெப்டொப் பற்றரியில் ஓடியது, ஆனால் இணையம் இல்லை. சிறிது நேரத்தில் தம்பி போன் எடுத்தான்.

“அண்ணே, பூட்டுல உங்க பேருதான் காட்டுது. இன்னும் ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?”

“இல்லடா, கரண்ட் போயிருச்சு. நீ கைவைக்காத.”

இந்தப் பூட்டு நேரம் கடந்தால் தானாகத் திறக்காது. ஃபோர்ஸ் அன்லொக் கட்டளையில் பூட்டு இலக்கத்தைக் கொடுத்து அவனே திறந்திருக்கலாம். ஆனால் பாதியில் உருவான சர்வர்களின் கணக்கு என்னிடம்தான் இருந்தது. கிளஸ்டருக்கு ஸ்டேட்டை அனுப்ப முடியாதபோது, எரர்ட் டிஎஃப்ஸ்டேட் என்ற ஃபைலில் டெராஃபோம் அதை எழுதி வைத்துவிடும். கரண்ட் வந்ததும் நானே பூட்டைத் திறந்தேன். உடனே ஸ்டேட் புஷ் கட்டளையால் அந்த ஃபைலை மேலே ஏற்றினேன். அவன் இடையில் புகுந்து ஓட்டியிருந்தால் அந்தச் சர்வர்கள் எந்தச் செக்ரோலிலும் இல்லாமல் போயிருக்கும்.

அப்புறம், சீக்ரெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பது பேஸ் 64 எழுத்து மட்டும். அதை யாரும் பிரித்து வாசிக்கலாம். எட்சிடியில் மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) நாமாகத்தான் இயக்க வேண்டும், அந்தச் சீக்ரெட்டை யார் வாசிக்கலாம் என்றும் வரையறுக்க வேண்டும். ஒரு சீக்ரெட்டில் 1 மெபிபைட்டுக்கு மேல் கொள்ளாது, டெராஃபோமின் பழைய பதிப்புகள் முழு ஸ்டேட்டையும் ஒரே சீக்ரெட்டில்தான் வைத்தன, அதனால் நாங்கள் நெட்வொர்க்குக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று ஸ்டேட்டைப் பிரித்துவிட்டோம்.

கிளஸ்டரையே டெராஃபோமால் கட்டினால், அதன் ஸ்டேட்டை மட்டும் அதே கிளஸ்டருக்குள் வைக்கக்கூடாது. கிளஸ்டர் விழும் நாளில், அதைத் திரும்பக் கட்டத் தேவையான கணக்கும் சேர்ந்தே விழும். எங்களுடையது வெளியே வேறொரு சேமிப்பகத்தில் இருக்கிறது. மற்றவற்றை வெள்ளிக்கிழமைகளில் தம்பி ஸ்டேட் புல் கட்டளையால் இறக்கி, மறையாக்கம் செய்த ஒரு வட்டில் பிரதி எடுத்து வைக்கிறான்.